நாலரை அடித் தடுப்பு

அவர் வருகிறார் என்பது, வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ரப்பர் செருப்பைத் தரையில் வேண்டுமென்றே தேய்ப்பார். அது போதாது என்று பட்டால் தொண்டையைச் செருமுவார். அதற்கும் மேல் தேவைப்பட்டால் சாவிக்கொத்தைக் குலுக்குவார். ஆறே கேபின்கள் கொண்ட பிரௌசிங் சென்டரில், பின்சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டுக்குப் போய்வர இத்தனை சத்தமும் போடுவார். வழியில் உட்கார்ந்திருப்பவர்கள் திரையில் இருப்பதை மூடிக்கொள்ள அவகாசம் வேண்டுமாம். மூடாதவர்களைக் கடக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பார்.

"சார், நேராப் பாத்து நடங்க. ஸ்டூல்ல இடிச்சுக்கப் போறீங்க" என்று யாராவது சிரித்தால், "இடிச்சா எனக்குத்தானே வலிக்கும்" என்பார்.

திருவாரூர் பஸ்கள் நிற்கும் எங்கள் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அது. அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அவர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது மூன்று டைப்ரைட்டர்களை மட்டும் விற்காமல் மூலையில் உறை போட்டு வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'சார்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் லுத்தரன் சபைக்குப் போய்விடுவார் என்பதால் அன்று மதியத்துக்கு மேல்தான் கடை திறக்கும். மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அவர் மனைவி ஒருமுறை சாப்பாட்டுக் கேரியரோடு மாடியேறி வந்து எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வீட்டுலயும் இப்படித்தான். குழம்புல உப்பு இல்லன்னாக்கூட என் முகத்தப் பாத்துச் சொல்ல மாட்டாரு. ஜன்னலைப் பாத்துச் சொல்லுவாரு."

அவர் அப்போதும் சுவரில் இருந்த சபைக் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆண் வெளிநாட்டில் இருந்த காலம் அது. சிங்கப்பூர், குவைத், மஸ்கட். பெண்கள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காமிராவில் கணவன் முகம் பார்க்க வருவார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கேபினுக்கும் ஆளுயரத் தடுப்பும், அதற்கு முன்னால் அவர் மனைவியின் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த திரையும் இருந்தன. திரைக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் சார் மின்விசிறியைக் கூட்டி வைப்பார். அது பழைய விசிறி, சத்தம் அதிகம். அதுதான் காரணம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

எங்கள் தெரு வசந்தி அக்காவின் கணவர் மஸ்கட்டில் இருந்தார். அக்கா ஒருநாள் கேபினிலிருந்தபடியே, "சார், உள்ள போவ மாட்டேங்குது. நான் சொல்றேன், நீங்களே அடிங்க" என்று தன் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்லிவிட்டார். மகன் பெயரும் அவன் பிறந்த வருடமும்.

சார் எழுந்துவிட்டார். "ஏம்மா சொன்னீங்க? காதுல விழுந்துடுச்சே."

"உங்க காதுலதானே சார் விழுந்துச்சு? அதுக்கென்ன?"

"என் காதா இருந்தா என்ன, எவன் காதா இருந்தா என்ன? மாத்துங்க. இப்பவே மாத்துங்க."

மாற்றும் வரை அவர் படிக்கட்டில் போய் நின்றார். உள்ளே இருந்த நாங்கள் எல்லோரும் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டிருந்தோம், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கு மட்டும் நெற்றி வியர்த்திருந்தது.

பிறகு ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள் வந்தது. அதிலிருந்தவை இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. வருகிறவர்களின் அடையாள அட்டை நகல் வேண்டும். பெயர், முகவரி, கேபின் எண், வந்த நேரம், போன நேரம் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. கணினித் திரைகள் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற விவரம் ஒரு வருடம் வரை இயந்திரத்தில் இருக்க வேண்டும். சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் ஆசாரியை வரவழைத்துத் தடுப்புகளை அறுக்கச் சொன்னார். விதி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ஆசாரி ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுவிட்டார் என்று அளந்து பார்த்துத் திரும்ப இழைக்க வைத்தார்.

புடவைத் திரைகள் இறங்கின. கணினிகள் எல்லாம் கதவைப் பார்த்துத் திரும்பின. படியேறி வருகிற எவருக்கும் மஸ்கட்டிலிருக்கும் கணவரின் முகம் தெரியும் என்ற நிலை வந்தது.

"சார், இப்படி அறுத்துப் போட்டுட்டா நாங்க எங்க போயி அழுவுறது?" என்று கேட்டார் வசந்தி அக்கா.

சார் தன் மேஜையையும் நாற்காலியையும் தூக்கித் திருப்பிப் போட்டார். எல்லாக் கணினிகளும் வெளியே பார்க்க, அவர் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். கடைக்குக் காவலாக உட்கார வேண்டியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது கடைத்தெருவில் ரொம்ப நாள் கேலியாக ஓடியது.

இனி ரெஜிஸ்டர். அங்கேதான் நான் வருகிறேன்.

விதியில் கேட்டிருந்த படம் போட்ட அட்டை எங்கள் பெண்களிடம் இருந்தது, ஆனால் டிரங்குப் பெட்டியில் பூட்டியிருந்தது. கையில் இருந்தது ரேஷன் கார்டு. கடைத்தெருவுக்கு வருவதே ரேஷன் கடைக்காகத்தான். எங்கள் தெருவிலிருந்து முதலில் ஜெராக்ஸ் கொடுத்தவள் நான். பிளஸ் டூ முடித்த விடுமுறை, கல்லூரி அட்டை வராத காலம். கார்டில் குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பெயர். ரெஜிஸ்டரிலும் அப்பாவின் பெயரே ஏறியது. அதன்பின் வந்த வசந்தி அக்கா, "கார்ட மறந்துட்டேன் சார். அவங்க கார்டுலயே எழுதிக்குங்க, பக்கத்து வீடுதானே" என்றார். அடுத்த வாரம் எதிர்வீடு. மெல்ல மெல்ல எங்கள் தெருவே அப்பாவின் பெயரில் மாடியேறியது. அப்பா மட்டும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. அவர் பகலெல்லாம் வயலில் இருப்பார். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பாதான் முதன்முதலாக ஐந்து மா நிலத்தைச் சொந்தமாக்கியவர். வீட்டில் முதன்முதலாக இன்ஜினீயரிங் படித்தவள் நான்.

ரெஜிஸ்டர் பெரிய நீள நோட்டு. சாரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். மாதம் ஒருமுறை அதை நகலெடுத்து ஸ்டேஷனுக்குக் கொடுப்பதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூன்றாம் வருட விடுமுறையில் நானே கேட்டேன்: "சார், இத எக்செல்ல போட்டுத் தரட்டா? தேதி குடுத்தா அன்னைக்கு வந்தவங்க மட்டும் வருவாங்க. நேரம் குடுத்தா அந்த நேரத்துல இருந்தவங்க மட்டும் வருவாங்க."

நான்கு நாள் உட்கார்ந்து போட்டேன். எனக்குப் பிடித்த வேலை அது. ஒரே கார்டு எண் வரும் வரிசைகளை ஒரே ஆளாகச் சேர்த்தேன். ஒரே கார்டு ஒரே நேரத்தில் இரண்டு கேபின்களில் இருந்த இடங்களைத் தவறு என்று நினைத்து ஒன்றை நீக்கினேன். நோட்டின் ஓரத்தில் பல வரிகளுக்கு நேராகப் பென்சிலில் சின்னச் சின்ன எழுத்துகள் இருந்தன. 'ம', 'ப.வீ', 'எ.வீ' என்று.

"இது என்ன சார்?"

"அது எனக்கு" என்றார் சார் காலண்டரிடம்.

எந்தக் கட்டத்திலும் பொருந்தாததால் அதை விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும், இயந்திரம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒரு நகலை என் மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். அதன்பிறகு வந்தவர்களைச் சாரே நோட்டிலிருந்து தினமும் அதில் ஏற்றி வந்தார்.

கடைசி வருடம், படிப்பு விடுமுறையில் வீட்டிலிருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் வாய்க்காலில் ஏறவில்லை. மணல் லாரிகள் ஆற்றின் படுகையை அவ்வளவு ஆழத்துக்கு வாரியிருந்தன. மதகு உயரத்தில் நின்றது, தண்ணீர் பள்ளத்தில் போயிற்று. அப்பா நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார். நான் பதினொரு நாட்கள் ஆற்றங்கரைப் பாலத்தில் நின்று லாரி எண்களையும் நேரத்தையும் குறித்தேன். அதையெல்லாம் வரிசையாக எழுதி, பெயர் போடாமல், புதிதாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கி, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். சனிக்கிழமை, பதினொன்றே கால் மணி, மூன்றாம் கேபின்.

யோசிக்காமல் அனுப்பவில்லை. என்னைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நான்கு படி ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதலில் யாராவது கண்டுபிடிக்க ஆசைப்பட வேண்டும். இரண்டாவது, மெயில் கம்பெனி சொல்ல வேண்டும். மூன்றாவது, எந்த இணைப்பு என்று இணைப்புக் கொடுத்தவர்கள் சொல்ல வேண்டும். நான்காவது, எந்த ஆள் என்று சென்டர் சொல்ல வேண்டும். ஒரு மணல் புகாருக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று நம்பினேன்.

மாவட்ட அலுவலகம் புகாரை எங்கள் ஸ்டேஷனுக்கே தள்ளிவிட்டது. ஸ்டேஷன்காரர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடவே இல்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்தது இரண்டே சென்டர்கள். மெயிலின் தலைப்பில் தேதியும் நேரமும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நேராக வந்துவிட்டார்கள். நான்காவது படியை நானே கட்டி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை நான் அதே மூன்றாம் கேபினில் இருந்தேன். படியில் ஷூ சத்தம் கேட்டது. அந்த சென்டருக்குள் சாரைத் தவிர எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவோம். அந்த ஆள் ஷூவோடு உள்ளே வந்தார். சஃபாரி சட்டை. கையில் மடித்த தாள். அதில் வரிசையாக லாரி எண்கள் தெரிந்தன. நான் எழுதிய வரிசை.

"ஸ்டேஷன்லேருந்து வர்றேன். போன சனிக்கிழமை, பதினொன்னுலேருந்து பன்னெண்டுக்குள்ள, யார் யாரு?"

சார் எழுந்து என் பட்டியலைத் திறந்தார். தேதி போட்டார். நேரம் போட்டார். மூன்று வரிகள் வந்தன. அச்சிட்டு இரண்டு கைகளாலும் நீட்டினார். அந்த ஆள் விரலை வைத்துப் பார்த்தார். ஒருவர் பென்ஷன் வாங்கும் வாத்தியார், ஒருவன் ஸ்கூல் பையன். மூன்றாவது அப்பா. ஆற்றங்கரை ஊர்.

"இந்த ஆளு எப்படி இருப்பான்?"

"பாக்கல சார்."

"கடைக்கு வர்றவனப் பாக்காம வேற என்னய்யா பாப்ப?"

"காலண்டர் சார்."

அந்த ஆள் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தார். நாலரை அடித் தடுப்புக்கு மேலே அவர் முகம் வந்தது. என் தலை வகிட்டைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

"யாரு பாப்பா நீ?"

நான் வாய் திறப்பதற்குள், "அது இந்தப் பட்டியல் போட்டுக் குடுத்த பொண்ணு சார்" என்றார் சார்.

"நீயா போட்ட?" அந்த ஆள் முதல்முறையாக முகம் மலர்ந்தார். "ரொம்ப நல்லாப் போட்டிருக்க. மத்தக் கடையில நோட்டப் பொரட்டியே எனக்குக் கண்ணு போச்சு. இங்க ஒரே நிமிஷம்."

போகும்போது சாரிடம் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்கு ஒரிஜினல் நோட்ட எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா. அந்த ஆளையும் வரச் சொல்றோம்."

ஷூ சத்தம் படியில் இறங்கி முடிந்ததும் கரண்ட் போனது. அந்த நாட்களில் பகலில் நேரம் வைத்துப் போகும். உள்ளே இருந்த இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் எழவில்லை.

சார் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, நோட்டை மடியில் விரித்து, டிராயரிலிருந்து ரப்பரை எடுத்தார். ஓரத்திலிருந்த பென்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழித்து, ஊதி, அடுத்த வரி. நான் பக்கத்தில் போய் நின்றேன். சனிக்கிழமைப் பக்கம் வந்தது. அப்பாவின் பெயருக்கு நேரே 'ம' என்று இருந்தது. மகள். எ.வீ எதிர்வீடு. ப.வீ பக்கத்து வீடு.

"சார், நீங்கதான் யாரையும் பாக்கவே மாட்டீங்களே."

"வாசல்ல கெடக்குற செருப்பைப் பாப்பேனே" என்றார் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் எடது செருப்புல வார் வேற கலரு. வசந்தி செருப்பு குதிகால்ல தேஞ்சிருக்கும்."

மூன்று வருடங்களுக்கும் மேலாக அந்த மாடியில் நான் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்ததாக நினைத்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஓரத்தில் இருந்தது.

"அப்ப ஏன் சார் எழுதி வச்சீங்க? தெரியக்கூடாதுன்னுதானே திரும்பி உக்காந்தீங்க?"

அவர் நான்கைந்து வரிகளை அழித்துவிட்டுத்தான் பேசினார். அவர் வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமில் பெயர்ப் பதிவு எழுதுபவராக இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அங்கே ஒருவன் இன்னொருவனுடைய அட்டையில் வேலை செய்துகொண்டிருந்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதவில்லை. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பதிவில் இருந்த பெயர்ப்படி தகவல் போனது. "உசுரோட இருக்கறவன் வீட்டுல பத்து நாள் அழுதிருக்காங்க. செத்தவன் வீட்டுல பொங்கலுக்குத் துணி எடுத்திருக்காங்க. நான்தான் அந்தத் தந்திய எழுதுனேன்." ரப்பர் தூளை ஊதினார். "இங்க வர்ற பொண்ணுங்கள்ல ஒண்ணு காணாமப் போச்சுன்னு நாளைக்குப் பெத்தவங்க வந்து நின்னா, அன்னைக்கு யாரு வந்தாங்கன்னு நெஜத்தச் சொல்லணுமில்ல? அதுக்குத்தான்."

"அப்புறம் ஏன் சார் அழிக்கிறீங்க?"

"கேக்க வந்தது பெத்தவங்க இல்லியே."

சாயங்காலம் வயலுக்குப் போனேன். அப்பா நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு உங்கள ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாங்க."

"நான் என்ன பண்ணுனேன்?"

"நீங்க பண்ணல. லாரி விஷயமா நான் மெயில் போட்டேன்."

"எம் பேரப் போட்டா எழுதுன?"

"இல்லப்பா. பேரே போடல."

"பேரே போடாததுல எம் பேரு எப்படி வந்துச்சு?"

அப்பா மறுகாலையும் கழுவிவிட்டு எழுந்தார்.

"சரி. எழுதுனது நெஜம்தானே? விடு. ஆனா நீ வாயத் தொறக்கக் கூடாது பாப்பா. வேலைக்கு உனக்குப் பேப்பர் வர்ற நேரம். ஸ்டேஷன்ல உம் பேரு ஒரு நோட்டுல ஏறிச்சுன்னா அப்புறம் எறங்காது. என்னைய ரெண்டு தட்டுத் தட்டுனா வாங்கிக்கிறேன்."

மறுநாள் நானும் கூடப் போனேன். வராதே என்றார், கேட்கவில்லை. வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

எஸ்.ஐ. மேஜையில் என் பட்டியல் இருந்தது. அப்பாவின் பெயர் வரும் வரிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

"எத்தன தடவ போயிருக்க பாரு. வாரத்துக்கு நாலு நாளு. அந்தக் கடைக்கு வர்றவன்லாம் மஸ்கட்டு, குவைத்துன்னுதான் பேசுறான். உனக்கு யாருய்யா இருக்கா அங்க?"

"அந்த மாடிப்படிய நான் ஏறுனதே இல்லிங்க."

"மெயில் ஐடி என்ன?"

"அப்படின்னாங்க?"

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண் அப்பாவை விட்டு என் மேல் வந்தது. "சரி. உன் வீட்டுல படிச்சவங்க யாரு?"

அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வலித்தது. இரண்டு சாத்தியங்கள்தான் இருந்தன. நான் சொல்வது, அல்லது அப்பா அடி வாங்குவது. மூன்றாவதாக ஒன்று என் தலைக்குள் வரவில்லை. நான் மூச்சை இழுத்தேன்.

வெளியே ரப்பர் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. தொண்டைச் செருமல். சாவிக்கொத்து.

சார் நீள நோட்டை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "வணக்கம் சார். அந்தப் பட்டியல நம்பாதீங்க" என்றார்.

"நீ குடுத்ததுதானேய்யா?"

"அது சுத்தம் பண்ணது சார். நோட்டு இது. இந்தத் தேதியப் பாருங்க. காலைல பத்தரைக்கு இவரு ரெண்டாம் கேபின்ல உக்காந்திருக்காரு. அதே பத்தரைக்கு அஞ்சாம் கேபின்லயும் உக்காந்திருக்காரு." பக்கத்தைத் திருப்பினார். "இங்க மூணு கேபின்ல."

ஓரத்தில் நின்ற ஏட்டு, "காலண்டர்ல பாத்திருப்பாரு சார்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"தெருவே இந்த ஒரு கார்டுல வந்துச்சு சார். கார்டு இருக்கான்னு பாத்தேன். ஆள் யாருன்னு பாக்கல. கேக்கவும் இல்ல. தப்பு என்னுது."

"விதி தெரியுமா உனக்கு?"

"சொவத்துல ஒட்டியிருக்கேன் சார்."

"படிச்சியா?"

"ரெண்டு தடவ."

எஸ்.ஐ. நோட்டைத் தன் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். ஓரம் முழுக்கத் தாள் வெளுத்து, பஞ்சு எழும்பியிருந்தது. "இங்க என்ன அழிச்சிருக்க?"

சார் மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரக் கூட்டல் சார். எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு."

"அன்னைக்கு அந்தக் கேபின்ல யாரு உக்காந்தது? கடைசியாக் கேக்குறேன்."

"பாக்கல சார்."

அது பொய் இல்லை. அது உண்மையும் இல்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

அடையாளம் சரிபார்க்காமல் ஆட்களை அனுமதித்தேன் என்று எழுதி வாங்கினார்கள். சார் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்பாவை, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வாசலில் எங்கள் செருப்புகள் கிடந்தன. சார் முன்னால் இறங்கிப் போனவர், என் செருப்பை மிதிக்காமல் ஒதுங்கி, அதே நண்டு நடையில் தெருவில் இறங்கினார்.

இரண்டு வாரத்தில் சென்டரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. லாரிகள் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு இரண்டு மைல் தள்ளி வேறொரு ஆற்றுத்துறையில் இறங்கின. அப்பா அந்த வருடம் தாமதமாக நட்டார். எனக்குச் சென்னையில் வேலை வந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு ஆள் வந்த அன்று அம்மா என்னைப் புழக்கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அந்த ஆள் ஒன்றும் கேட்காமல் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நினைத்துப் பார்த்தால் இப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். அந்த சஃபாரி சட்டைக்காரர் வியாழக்கிழமையே நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தால்? சார் எங்களைக் காப்பாற்றினார். எங்களைக் காட்டிக்கொடுக்கப் போதுமானதையும் அவர்தான் எழுதி வைத்திருந்தார். ரப்பருக்கு ஒரு மதியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அதே மாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மேஜை இன்னும் சுவரில் இருந்த சபைக் காலண்டரைப் பார்த்தே இருந்தது. தாளை வாங்கியதும் எழுத்து தெரியாமல் கவிழ்த்துக் கண்ணாடியில் வைத்தார். அந்த இயந்திரம் அப்படித்தான் கேட்கும் என்றாலும் அவருக்கென்றே செய்தது போலிருந்தது.

சொல்ல வந்ததைச் சொன்னேன். "சார், அந்தப் பட்டியலோட காப்பி ஒண்ணு அப்பவே என் மெயிலுக்கு அனுப்பி வச்சிருந்தேன். மறந்தே போச்சு. போன வாரம் வேற எதையோ தேடும்போது வந்துச்சு."

அவர் கை நின்றது. "பென்சில்ல எழுதுனது அதுல இருக்கா?"

"இல்ல சார். அதுக்குக் கட்டமே போடல."

"நல்லது" என்றார். "அழிச்சிடு."

"அழிச்சுட்டேன் சார். ஆனா அது உங்க ரப்பர் மாதிரி இல்ல. நான் அழிச்சது என் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த மெயில் கம்பெனிக்காரங்க எந்த ஊர்ல, எத்தன காப்பி, எத்தன வருஷம் வச்சிருப்பாங்கன்னு எனக்கே தெரியாது. யாரு கேட்டா குடுப்பாங்கன்னும் தெரியாது."

"வசந்தி பேரு?"

"அவங்க பேரு இல்ல. அப்பா பேருலதான் எல்லாரும் இருக்காங்க."

இயந்திரம் வெளிச்சத்தை ஒருமுறை ஓடவிட்டு நின்றது. யாருடையதோ ஒரு தாள் சூடாக வெளியே வந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நாற்காலியை மெல்லத் திருப்பினார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

நான்தான் காலண்டரைப் பார்த்தேன்.